ஏரிக்களியின் மேல் ஒரு மாநகர்: நிலநடுக்கத்தில் உயர்ந்த கட்டடங்களும் அடிமண்ணும்

1985 செப்டம்பர் 19. காலை ஏழேகால் மணியைத் தாண்டிய சற்று நேரத்தில் மெக்சிகோ நகரம் குலுங்கத் தொடங்கியது. நிலநடுக்கம் நிகழ்ந்த இடம் அதுவல்ல. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலை ஒட்டிய மிச்சோவகான் மாநிலக் கரையோரம். அளவு 8.0. இத்தனை தூரம் கடந்து வரும் அதிர்வு வழக்கமாகத் தேய்ந்து போயிருக்கும். தொங்கும் விளக்கை ஆட்டும், தூங்குகிறவர்களை எழுப்பும், அவ்வளவுதான். அன்றோ நகரத்தின் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இடிந்தன. ஹுவாரெஸ் மருத்துவமனையின் பன்னிரண்டு மாடிக் கோபுரம் நோயாளிகளோடும் மருத்துவர்களோடும் சரிந்தது. பினோ சுவாரெஸ் வளாகத்தில் இருபத்தொரு மாடி எஃகுக் கட்டடம் ஒன்று பக்கத்திலிருந்த கட்டடத்தின் மேலேயே விழுந்தது. த்லதெலோல்கோ குடியிருப்பில் நூவோ லியோன் கட்டடத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு தரைமட்டமாயின. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கில்லை. பத்தாயிரம் என்ற எண்ணே பரவலாகச் சொல்லப்படுகிறது.

அன்றைய பேரழிவை விளங்கிக்கொள்ள மூன்று கருவிகளின் பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். முதலாவது, நிலம் உடைந்த இடத்துக்கு நேர்மேலே, கலெத்தா தெ காம்போஸ் என்ற கடற்கரை ஊரில் பாறைமேல் வைக்கப்பட்டிருந்த கருவி. அது பதிவு செய்த உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 14 விழுக்காடு. இரண்டாவது, மெக்சிகோ நகரின் தெற்கே பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறையின்மீது அமைந்த தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது. அங்கே 3 முதல் 4 விழுக்காடு. தூரத்தில் அதிர்வு எப்படித் தேய வேண்டுமோ அப்படியே தேய்ந்திருந்தது. மூன்றாவது, அதே நகரத்துக்குள், தகவல் தொடர்பு – போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் இருந்தது. அங்கே 17 விழுக்காடு. அதாவது, முந்நூற்றைம்பது கிலோமீட்டர் பயணத்துக்குப் பிறகு, உடைப்புக்கு நேர்மேலே இருந்ததைவிட அதிகம். சில கிலோமீட்டர் தள்ளியிருந்த பாறையைப் போல நாலைந்து மடங்கு. நிலநடுக்கமும் ஒன்று, நகரமும் ஒன்று. வேறுபட்டது அடிமண் மட்டும்.

அந்த மண்ணின் வரலாறு நீண்டது. அஸ்தெக் மக்கள் தெனோச்தித்லான் நகரை 14ஆம் நூற்றாண்டில் தெஸ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் எழுப்பினார்கள். 1521இல் அதைக் கைப்பற்றிய ஸ்பானியர்கள் அதே இடத்தில் தங்கள் தலைநகரை அமைத்தார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் ஏரி வடிக்கப்பட்டது. தண்ணீர் போனாலும் ஏரியின் அடிப்படுகை அங்கேயே கிடக்கிறது. சுற்றியுள்ள எரிமலைகளின் சாம்பலும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் சேர்ந்து படிந்த களிமண் அது. உலர்ந்த மண் நூறு கிராம் என்றால் அதில் அடங்கிய தண்ணீர் முந்நூறு, நானூறு கிராம். உயர்ந்த கட்டடங்கள் இப்படியொரு மண்மேல் இவ்வளவு நெருக்கமாக நிற்பது அரிது.

மண் பரிசோதனைக்குத் துளை போடும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சடங்கு தெரிந்திருக்கும். 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். கெட்டியான மணலில் முப்பது, நாற்பது அடி ஆகும். மெக்சிகோவின் ஏரிக்களியில் பல ஆழங்களில் அந்த எண்ணிக்கை ஒன்று, இரண்டு. சில இடங்களில் சம்மட்டிக்கு வேலையே இல்லை, கம்பிகளின் எடையிலேயே குழாய் இறங்கிவிடும்.

இத்தகைய மண் நிலநடுக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும்? பாறையிலிருந்து மேலேறி நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டும் குறுக்கலைகள் மென்மையான மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகின்றன. சுமந்து வந்த ஆற்றல் அலையின் வீச்சாகப் பெருகுகிறது. மண்ணடுக்கின் மேல்மட்டத்துக்கும் அடியிலுள்ள கெட்டி நிலத்துக்கும் இடையே அலைகள் மாறி மாறி எதிரொலிக்கின்றன. ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் அதற்கே உரிய அலைவு காலம், அதாவது ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம், ஒன்று உண்டு. அதைக் கணக்கிடுவது எளிது: அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி, குறுக்கலையின் வேகத்தால் வகுக்க வேண்டும். அமைச்சக வளாகத்தின் கீழே மென்களியின் தடிமன் சுமார் 40 மீட்டர். அதில் குறுக்கலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 80 மீட்டர். நல்ல பாறையில் அதே அலை வினாடிக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஓடும். நாற்பதை நான்கால் பெருக்கினால் நூற்றறுபது; எண்பதால் வகுத்தால் இரண்டு. அந்த நிலம் இரண்டு வினாடிக்கு ஒருமுறை போய்வரும் நிலம். 1985இன் பதிவில் பொறியாளர்கள் கண்டதும் அதுவே: வழக்கமான நிலநடுக்கப் பதிவின் ஒழுங்கற்ற கிறுக்கல் அங்கே இல்லை, இரண்டு வினாடித் தாளத்தில் சீராக, நெடுநேரம் நீண்ட அலை.

கட்டடங்களுக்கும் அலைவு காலம் உண்டு. தோராயமாக, மாடி ஒன்றுக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பத்து மாடி என்றால் ஒரு வினாடி, இருபது மாடி என்றால் இரண்டு. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஒத்து ஒவ்வொரு முறையும் மெல்லத் தள்ளினாலே அது எங்கோ உயரத்துக்குப் போய்விடுகிறது அல்லவா, இங்கே நடந்ததும் அந்த ஒத்ததிர்வுதான். அமைச்சக வளாகத்துப் பதிவைக் கொண்டு கணக்கிட்டால், இரண்டு வினாடி அலைவு காலமுள்ள ஒரு கட்டடம், உடையாமல் மீள்தன்மையோடு ஆடும் எனில், ஏறத்தாழத் தன் முழு எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையைச் சந்திக்க வேண்டியிருந்தது. நிலத்தின் உச்ச முடுக்கம் 17 விழுக்காடு. கட்டடம் உணர்ந்தது அதைப்போல ஐந்தாறு மடங்கு.

அப்படியானால் இருபது மாடிக் கட்டடங்களே அதிகம் விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு முதல் பதினைந்து மாடி வரையுள்ளவையே மிகுதியாகச் சேதமடைந்தன. என் பார்வையில் இந்த நிலநடுக்கம் சொல்லித்தந்த மிக முக்கியமான பாடம் இங்கேதான் இருக்கிறது. காங்கிரீட் கட்டடம் ஆடத் தொடங்கியதும் விரிசல் விடுகிறது. செங்கல் தடுப்புச் சுவர்கள் உடைகின்றன. அஸ்திவாரத்தின் கீழ் மண் நெகிழ்ந்து கொடுக்கிறது. ஒவ்வொன்றும் கட்டடத்தின் விறைப்பைக் குறைத்து அலைவு காலத்தை நீட்டுகிறது. ஒரு வினாடியில் தொடங்கிய பத்து மாடிக் கட்டடம், அடிபட அடிபட ஒன்றரைக்கு நகர்கிறது, அங்கிருந்து இரண்டை நோக்கி நகர்கிறது. சேதம் அதைத் தப்பவைக்கவில்லை. மண்ணின் தாளத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டு மூன்று மாடிப் பழைய வீடுகளோ அந்தத் தாளத்துக்கு வெகு கீழே இருந்ததால் பெரும்பாலும் நின்றன.

மறுமுனையில் நின்றது தோரே லதினோஅமெரிகானா. 1956இல் கட்டி முடிக்கப்பட்ட 44 மாடிக் கோபுரம், பழைய ஏரியின் நடுவிலேயே நிற்பது. அதன் அலைவு காலம் மூன்றரை வினாடிக்கும் மேல். அதிர்ஷ்டத்தால் அது தப்பியதாகச் சொல்வது நியாயமாகாது. அதை வடிவமைத்த லெயோனார்தோ ஸேவார்ட், தூண்களின் அளவைத் தீர்மானிக்கும் முன்பே அந்த இடத்தின் மண்ணை ஆழம் ஆழமாக ஆராய்ந்தார். அமெரிக்காவின் நாதன் நியூமார்க்கோடு சேர்ந்து, அந்த மண்மேல் எப்படி ஆடும் கட்டடம் வேண்டும் என்று கணக்கிட்டார். எஃகுச் சட்டகத்தின் கீழே ஆழமான காங்கிரீட் பெட்டி. அதன் கீழே களியைக் கடந்து, முப்பது மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கும் கெட்டியான மணலடுக்குவரை இறங்கும் 361 பைல்கள். தோண்டும்போது சுற்றியுள்ள நிலத்தடி நீர் இறங்கி அக்கம்பக்கக் கட்டடங்கள் அமிழாதபடி, மண்ணுக்குள் தண்ணீரைத் திரும்பச் செலுத்தினார். 1957 ஜூலை நிலநடுக்கத்தில் நகரின் அடையாளமான சுதந்திர தேவதைச் சிலை தன் தூணிலிருந்து கீழே விழுந்தது, கோபுரம் நின்றது. 1985இலும் நின்றது. 2017இலும் நின்றது.

அஸ்திவாரங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. மென்களியில் கட்டடம் எழுப்ப அந்நகரத்துப் பொறியாளர்கள் சில வழிகளைக் கண்டிருந்தார்கள். ஒன்று, எழுப்பப்போகும் கட்டடத்தின் எடைக்குச் சமமான மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியில் பெட்டிபோன்ற அடித்தளத்தை இறக்குவது. மண்ணுக்குப் புதிதாகச் சுமை ஏதும் தெரியாது. இன்னொன்று, கெட்டி நிலத்தைத் தொடாமல் களியிலேயே நிற்கும் பைல்கள். பக்கங்களில் களி பிடித்துக்கொள்ளும் பிடிமானமே அவற்றின் பலம். அமைதியான நாள்களில் இரண்டுமே நன்றாக வேலை செய்தன. 1985இல் களியின் பிடிமானத்தை நம்பிய பைல்களே அதிகம் தோற்றன. கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது ஒரு பக்கத்துப் பைல்கள் அழுத்தப்படுகின்றன, மறுபக்கத்துப் பைல்கள் இழுக்கப்படுகின்றன. பல முறை மாறி மாறி இழுபட்டதும் களியின் பிடி தளர்ந்துபோகிறது. ஏற்கெனவே அதிகச் சுமையோடு அல்லது ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்து நின்ற கட்டடங்கள் திடீரென்று அமிழ்ந்தன. பத்து மாடியை ஒட்டிய உயரமுள்ள ஒரு கட்டடம் பைல்களோடு சேர்த்து மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டு மல்லாந்தது.

அஸ்திவாரத்தின் சாய்வு இன்னொரு விதத்திலும் தண்டித்தது. கட்டடங்களுக்கு இடையே விடப்பட்ட இடைவெளி, பல ஆண்டு அமிழ்வினாலும் சாய்வினாலும் மேல்மாடிகளில் குறைந்து போயிருந்தது. அன்று அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இடிந்த அல்லது கடுமையாகச் சேதமடைந்த முந்நூற்றுச் சொச்சம் கட்டடங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டில் முட்டிய தடயங்களைக் கண்டார்கள்.

பொறியியல் வகுப்புகளில் நெடுங்காலம் ஒரு நம்பிக்கை இருந்தது: அடிமண் நெகிழ்ந்து கொடுப்பது கட்டடத்துக்கு நல்லது, ஆகவே கணக்கில் மண்ணை விட்டுவிட்டு, கட்டடம் பாறையில் ஊன்றியிருப்பதாக வைத்துக்கொண்டால் தவறு நேர்ந்தாலும் பாதுகாப்பின் பக்கமே நேரும். பல விதிநூல்களின் வளைவரைகள் அலைவு காலம் நீள நீள விசை குறைவதாகக் காட்டுவதால் வந்த நம்பிக்கை இது. மைலோனாகிஸ், கஸெடாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட கட்டுரையில் இதை நேரடியாகக் கேள்விக்குள்ளாக்கினார்கள். மென்மண்ணில் உண்மையாகப் பதிவான அதிர்வுகளில் விசை ஒரே சீராகக் குறைவதில்லை. மண்ணின் அலைவு காலத்துக்கு அருகே மலைபோல் எழுந்து, அதன்பிறகே இறங்குகிறது. அலைவு காலம் நீளும் கட்டடம் மலையிலிருந்து இறங்குகிறதா, மலைமேல் ஏறுகிறதா என்பது அந்தந்த இடத்தின் மண்ணைப் பொறுத்தது. மண்ணைக் கணக்கில் சேர்க்காத பொறியாளருக்குத் தம் கட்டடம் எந்தப் பக்கம் போகிறது என்பதே தெரியாது. இது சிறு பிழை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே செப்டம்பர் 19ஆம் தேதி, 2017இல் மெக்சிகோ மீண்டும் அதிர்ந்தது. இம்முறை அளவு 7.1, மையம் நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். அருகிலிருந்து வந்த அதிர்வில் குறுகிய அலைவு காலங்கள் ஓங்கியிருந்தன. ஏரிக்களி மெலிந்து மலையடிவாரத்தைத் தொடும் இடைநிலப் பகுதிகளில் மண்ணின் அலைவு காலம் ஒரு வினாடியை ஒட்டியது. ரோமா, கொந்தேசா போன்ற பகுதிகளிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் இம்முறை அதிகம் விழுந்தவை நான்கு முதல் எட்டு மாடிவரை உள்ளவை. நகரத்தில் மட்டும் 228 பேர் இறந்தார்கள். 1985ஐத் தாங்கி நின்றதாலேயே பலமானவை என்று நம்பப்பட்ட கட்டடங்களும் அவற்றில் இருந்தன. ஒரு நிலநடுக்கத்தில் தேறிய கட்டடம் அடுத்ததிலும் தேறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேறொரு தூரத்திலிருந்து வரும் அதிர்வு வேறொரு உயரத்தைத் தேடிப் பிடிக்கும்.

இதற்குமேல் இன்னொரு சிக்கலும் உண்டு. மெக்சிகோ நகரம் குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. களி வற்றி இறுகுகிறது. சில பகுதிகள் இருபதாம் நூற்றாண்டிலிருந்து எட்டு, பத்து மீட்டர்வரை தாழ்ந்துவிட்டன. ஆழமான அடித்தளத்தில் நிற்கும் சுதந்திர தேவதைத் தூண் தாழாமல் நிற்க, தெரு கீழே போய்க்கொண்டே இருந்ததால், அதன் அடியில் பதினான்கு படிகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. இறுகும் களியில் அலையின் வேகம் கூடுகிறது, தடிமன் குறைகிறது; ஆக, மண்ணின் அலைவு காலமும் சுருங்குகிறது. இன்றைக்குத் தாளத்துக்கு வெளியே நிற்கும் கட்டடத்தைத் தேடி, அது இடம் நகராமலேயே, தாளம் வந்து சேரலாம்.

களி அதிர்வைப் பெருக்குகிறது. நீர் நிறைந்த தளர்மணல் வேறு வகையில் கெடுதல் செய்யும். 1964 ஜூன் 16, ஜப்பானின் நீகாதா நிலநடுக்கத்தில் கவாகிஷிச்சோ பகுதியின் நான்கு மாடி அடுக்ககங்கள் முறியாமல், நொறுங்காமல், அப்படியே சாய்ந்தன. அவற்றில் ஒன்று ஏறத்தாழப் படுத்தேவிட்டது. குலுங்கலில் மணல் துகள்களுக்கிடையேயுள்ள நீரின் அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை நிறுத்தியதும், சில நிமிடங்களுக்கு நிலமே திரவமாக நடந்துகொண்டது. மேலே கட்டியவர்கள் மீது பெரிய குறை சொல்ல முடியாது. அடியில் இருந்ததை யாரும் கேட்டிருக்கவில்லை.

தூரம் காப்பாற்றும் என்ற நினைப்பை 2025 மார்ச் 28 மறுபடியும் உடைத்தது. மியான்மரின் சகாயிங் பிளவில் அளவு 7.7 நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மென்களிப் படுகையின் மேல் நிற்கும் பாங்காக்கில் உயர்ந்த கட்டடங்கள் ஆடின, கூரைமேல் இருந்த நீச்சல் குளங்களின் தண்ணீர் அருவிபோல் கொட்டியது. கட்டுமானத்தில் இருந்த அரசுத் தணிக்கை அலுவலகக் கோபுரம் முழுவதும் நொறுங்கி, வேலையில் இருந்த தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். கட்டி முடிக்கப்பட்ட மற்ற கோபுரங்கள் அதே மண்ணில் நின்றதால், அந்த ஒன்றின் வீழ்ச்சிக்கு வடிவமைப்பும் கட்டுமானத் தரமும் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அத்தனை தொலைவில் அந்த நகரம் அப்படி ஆடியதற்குக் காரணம் மண்.

சென்னைக்கும் இது தெரியாத அனுபவம் அல்ல. 2012 ஏப்ரல் 11, சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது, ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னையின் அலுவலகக் கட்டடங்களிலிருந்து ஊழியர்கள் வெளியே ஓடிவந்தார்கள். தரையில் நின்றவர்கள் பலருக்குத் தெரியாதது மேல்மாடிகளில் தெரிந்தது. நெடுந்தூரம் கடந்து வருவது நீண்ட அலைவு காலம் கொண்ட அலைகளே, அவற்றை உணர்பவை உயரமான கட்டடங்களே.

இந்தியாவில் 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கம் அகமதாபாத்தில் செய்த அழிவையும் இங்கே நினைக்க வேண்டும். மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சபர்மதியின் தடித்த வண்டல்மேல் இருக்கும் நகரம். அங்கே ஓர் அடுக்ககத்தின் தரைமட்டத்தில் பதிவான உச்ச முடுக்கம் 11 விழுக்காட்டை ஒட்டியது. கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்துவிட்ட நான்கு மாடி, பத்து மாடி அடுக்ககங்கள் பல அந்தத் தளத்திலேயே மடங்கின. வண்டல் அதிர்வைப் பெருக்கியது உண்மை. அதைக் காட்டி, போதிய கம்பி கட்டாத தூண்களை மன்னிக்க முடியாது. அடிமண்ணைப் பற்றிப் பேசும்போது இந்த எச்சரிக்கை அவசியம், ஏனென்றால் விபத்துக்குப் பிறகு மண்மேல் பழிபோடுவது எளிது, மண் வழக்காட வராது.

பூஜுக்குப் பிறகு 2002இல் வந்த இந்திய நிலநடுக்க வடிவமைப்பு விதி சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அந்த விதியிலும் 2016 பதிப்பிலும் மண்ணுக்கு இடமுண்டு: பாறை, நடுத்தரம், மென்மண் என மூன்று வகை. நீண்ட அலைவு காலத்தில் மென்மண்ணுக்குரிய விசை பாறைக்கு உரியதைப்போல 1.67 மடங்கு. சராசரி மென்மண்ணுக்கு இது பொருந்தலாம். ஆனால் மூன்றே வளைவரைகளுக்குள் எல்லா மண்ணும் அடங்கிவிடாது என்பதை 1985 காட்டிவிட்டது. அங்கே நகரின் ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் இடையே இருந்த வேறுபாடு இதைவிடப் பன்மடங்கு. மெக்சிகோ அதைக் கேட்டுக்கொண்டது. ஏரிப் பகுதிக்கான அடிப்படை வடிவமைப்புக் கெழுவை, அதாவது கட்டடத்தின் எடையில் எத்தனை பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கணக்கில் எடுப்பது என்பதை, 0.24இலிருந்து 0.40ஆக உயர்த்தியது, மலை, இடைநிலம், ஏரி என்று மண்ணின்படி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்த நகரத்தில், இடத்துக்கு இடம் மண்ணின் அலைவு காலத்தைக் கணக்கில் கொண்டுவந்தது. சென்னையின் களி மெக்சிகோவின் களி அல்ல, சென்னைக்கு வரும் நிலநடுக்கமும் அங்கே வருவது போன்றதல்ல. பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் இருபது, முப்பது மாடிகள் எழும்பும் ஊரில் அடிமண்ணைப் பற்றிக் கேட்கப்படும் ஒரே கேள்வி, அது எவ்வளவு எடை தாங்கும் என்பதாக இருப்பது போதாது. எவ்வளவு தாங்கும் என்பது அசையாத மண்ணைப் பற்றிய கேள்வி. எப்படி ஆடும் என்பதற்கு விடை காண, குறுக்கலையின் வேகத்தைத் துளைக்குள் அளக்க வேண்டும், கெட்டி நிலம் எத்தனை மீட்டரில் என்று தெரிய வேண்டும், அந்த மண்ணின் அலைவு காலமும் கட்டடத்தின் அலைவு காலமும் எவ்வளவு நெருக்கம் என்று கணக்குப் போட வேண்டும். கோடிகளில் எழும் கட்டடத்தில் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

அடுக்ககத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தையும் பட்டாவையும் வழக்கறிஞரிடம் காட்டுவது போல, மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டுநரிடம் கேட்டு வாங்கி, நம்பிக்கையான ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். எத்தனை துளைகள் போட்டார்கள், எந்த ஆழம்வரை போனார்கள், பைல்கள் எதில் ஊன்றி நிற்கின்றன, குறுக்கலையின் வேகத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். பதில் தர மறுக்கும் இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள்.